பால்வாடி முதல் நலக்குழு வரை: குழந்தைகளோடு வேலை பார்க்க விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்குச் சின்னப் பிள்ளைங்கன்னா ரொம்பப் பிடிக்கும் மேடம், அதனாலதான் விண்ணப்பிச்சேன்." நேர்காணலுக்கு வருகிற பெரும்பாலானோர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "பிடிக்காத பிள்ளையை என்ன செய்வீங்க?" மூக்கு ஒழுகிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனைக் கடித்துக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை விடாமல் அழும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்ச நேரமாவது பேசத் தெரிந்தவரைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்தத் துறையில் இருக்கிறேன். முதல் பாதி நர்சரி வகுப்பில் போனது, மீதி குழந்தைகள் பாதுகாப்புப் பணியில். ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் கவனித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறைக்குள் நுழைவது சுலபம், மேலே ஏறுவதுதான் கஷ்டம். படிக்கட்டே இல்லாத வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டு, ஆறேழு வருடம் அதே நாற்காலியில், கிட்டத்தட்ட அதே சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் ஒவ்வொரு வாசலைச் சொல்லும்போதும் அதற்குப் பின்னால் படிக்கட்டு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

படி 1: வகுப்பா, வழக்கா?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 'குழந்தைகள் வேலை'. உள்ளே வந்தால் அது இரண்டு வேறு உலகம். ஒன்று வகுப்பு: தினமும் அதே இருபது பிள்ளைகள். பாட்டு, மணல், களிமண், சாப்பாடு, தூக்கம், கழிப்பறை. பலன் மெதுவாகத் தெரியும். ஜூனில் வாயே திறக்காத பிள்ளை ஜனவரியில் கதை சொல்லும். மற்றது வழக்கு, அதாவது குழந்தைகள் பாதுகாப்புப் பணி: தினமும் ஒரு புதுப் பிள்ளை, அதுவும் அதன் வாழ்க்கையின் மிக மோசமான நாளில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். படிப்பில் பணம் போடுவதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ ஒரு நர்சரியிலோ அனுமதி கேட்டுக் காலையில் உட்காருங்கள். இரண்டாவது வாரம் பதிவுபெற்ற ஒரு குழந்தைகள் இல்லத்திலோ, மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் தொண்டு நிறுவனத்திலோ தன்னார்வலராகப் போங்கள். அனுமதி கேட்டதும் அடையாள அட்டை, கடிதம் என்று நச்சரிக்கும் இடம் என்றால் சந்தோஷப்படுங்கள். யார் வந்தாலும் பிள்ளைகளிடம் விட்டுவிடும் இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

மதியம் வீடு திரும்பும்போது உடம்பு வலித்து மனசு லேசாக இருந்தால் வகுப்புப் பக்கம் வாருங்கள். ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்து, 'இதுக்கு யார்கிட்ட போய்ச் சொல்லணும்' என்று தோன்றினால் நீங்கள் வழக்குப் பக்கத்து ஆள்.

படி 2: அங்கன்வாடி வாசல்

மக்கள் இன்னும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உண்டு. ஊருக்கு ஊர் இருக்கிற, அரசு சம்பளம் தருகிற மழலையர் கல்வி வேலை இதுதான்.

பலர் நினைப்பது போல இது சோறு போட்டுத் தூங்கவைக்கும் வேலை மட்டும் இல்லை. திட்டத்தில் ஆறு சேவைகள்: இணை உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவது. கர்ப்பிணிக்குச் சத்துமாவு தருவதும், எடைக்கருவியில் பிள்ளையை நிறுத்தி வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பதும், போஷன் டிராக்கர் செயலியில் அத்தனையையும் ஏற்றுவதும் அதே ஆளின் வேலை. செயலி வந்தபிறகு பதிவேடு ஒழியும் என்றார்கள். பல இடங்களில் இப்போது இரண்டும் எழுதுகிறார்கள்.

தகுதி என்ன? 2025-இல் தமிழக அரசு 7,783 இடங்களுக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தது. அதில் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 25 முதல் 35; உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40. கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வயதில் சலுகை உண்டு. பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும், அதுவும் அந்த ஊரையோ அருகில் உள்ள ஊரையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும். பணியாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் ரூ.7,700. அதன்பின் ரூ.7,700 முதல் 24,200 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியம். உதவியாளருக்கு அது ரூ.4,100 முதல் 12,500.

குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த வாசலுக்குப் படிக்கட்டு இருக்கிறது. பணியாளராகச் சேர்ந்தவர் பதவி உயர்வில் மேற்பார்வையாளர் ஆகலாம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. மனையியல், உணவியல் மாதிரியான பட்டம் கையில் இருந்தால் கீழிருந்து ஏறக் காத்திருக்க வேண்டாம். வட்டாரம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகப் போகலாம்.

அறிவிப்பு மாவட்ட வாரியாகத்தான் வரும். ஊர்ப் பெயரும் இனச்சுழற்சியும் (எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற ஒதுக்கீடு) போட்ட பட்டியல் வட்டாரத் திட்ட அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும். 'யாரையாவது பார்த்தால்தான் கிடைக்கும்' என்று பணம் கேட்டு ஒருவர் வருவார். எல்லா ஊரிலும் வருவார். அவரைப் பார்க்காமலே வேலை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னும் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பவர்களையும் தெரியும்.

பள்ளி வளாகத்திலேயே இருக்கிற அங்கன்வாடிகள் 2,381-இல் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-இல் அவற்றுக்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை மாதம் ரூ.5,000-க்கு எடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருப்பவர்களுக்கு அனுபவம் சேர்க்க இது ஒரு வழி. அவ்வளவுதான், இதில் படிக்கட்டு இல்லை.

படி 3: தனியார் நர்சரி, மாண்டிசோரி — படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1939-இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர் வந்துவிட்டதால் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். ஆகவே கருவிகளைக் கையாண்டு பிள்ளையே கற்றுக்கொள்ளும் மாண்டிசோரி முறை நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. சிக்கல் என்னவென்றால், 'மாண்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில், மூன்று மாத டிப்ளமோ, 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று எழுதியிருக்கும். அந்தச் சான்றிதழுக்கு அதே நிறுவனத்தின் கிளைப் பள்ளிகளில் மட்டும்தான் மதிப்பு இருக்கும்.

மாண்டிசோரி முறைக்கான உலக அமைப்பான ஏ.எம்.ஐ. அங்கீகாரம் உள்ள பயிற்சி என்றால் கட்டணம் அதிகம், உழைப்பும் அதிகம். ஒவ்வொரு கருவியையும் எப்படிப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது என்று கையால் எழுதிப் படம் ஒட்டிய ஆல்பங்கள் தயாரிக்க வேண்டும். வகுப்பில் பேசாமல் உட்கார்ந்து மணிக்கணக்கில் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். அதை முடித்தவர் ஒரு வகுப்பறைக்குள் நுழையும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பராமரிப்பு, கல்வி பற்றிய ஓராண்டு டிப்ளமோவை வீட்டிலிருந்தே படிக்கலாம். முழுநேரமாகப் படிக்க முடிந்தால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. அங்கீகரித்த இரண்டாண்டு முன்பருவக் கல்வி டிப்ளமோவோ, தொடக்கக் கல்விப் பட்டயமோ நல்லது. பட்டப்படிப்பு என்றால் மனையியலில் மனித மேம்பாடு. கோவை அவினாசிலிங்கம் இதற்குப் பெயர் பெற்ற இடம். முதுகலையாக மழலையர் கல்வியையே தனிப் பாடமாகப் படிக்க டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் வரை போகிறார்கள்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரை, அதாவது இரண்டாம் வகுப்பு முடிய, ஒரே 'அடித்தள நிலை' என்று வைத்தது. அதற்கென ஒரு கலைத்திட்டமும் 2022-இல் வந்தது. மொழிக் கொள்கையைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து இருக்கட்டும். வேலை தேடுகிறவர் கண்ணில் பட வேண்டியது இந்த வயது வரம்புதான். நர்சரியும் ஒன்று, இரண்டாம் வகுப்பும் சேர்த்து எடுக்கத் தெரிந்த டீச்சருக்குக் கதவு இரண்டு மடங்கு திறக்கும். எனவே ஆசிரியர் பயிற்சியும் மழலையர் டிப்ளமோவும் சேர்ந்து இருப்பது, எதோ ஒன்று மட்டும் இருப்பதைவிட மேல்.

பயிற்சி நிலையத்தில் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். யார் அங்கீகாரம்? உண்மையான பிள்ளைகளோடு எத்தனை நாள் பயிற்சி? போன வருடம் முடித்தவர்கள் யாராவது ஒருவரிடம் பேசலாமா? மூன்றாவதற்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளம்? சிறிய ஊர் நர்சரிகளில் ஐந்தாயிரம், ஏழாயிரம் என்று பேசுவதை இன்றும் கேட்கிறேன். நான் ஆரம்பித்த இடத்தில் சம்பளத்தைவிட வேறொன்று உறுத்தியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வீட்டுப்பாடம் தரச் சொன்னார்கள். விரல் எலும்பே இன்னும் முழுசாக உருவாகாத வயது. 'பெற்றோர் கேட்கிறாங்க' என்பது பதில். ஒரு வருடம் தாக்குப்பிடித்தேன். எனவே நேர்காணலுக்குப் போகும் பள்ளியில் அலுவலக அறையைப் பார்க்காதீர்கள். கழிப்பறையைப் பாருங்கள், வெளியேறும் வழியைப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகும் ஒரே குறுகலான மாடிப்படியை நம்பி நர்சரி நடத்துகிற இடங்கள் இருக்கின்றன.

இன்னொரு வாசல், பலர் யோசிக்காதது: 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தப்படி ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். ஐ.டி. வளாகங்களும் பெரிய ஆலைகளும் இதற்கு ஆள் தேடுகின்றன. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் யாரிடம் இருக்கிறது என்று அவர்கள் தேடும்போது, அங்கன்வாடி உதவியாளராக இருந்தவர் பட்டதாரியை முந்திவிடுவார்.

படி 4: சிறப்புக் கல்வி

ஒரே பாதையைத்தான் சொல்லலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன். வேலை நிச்சயம், மதிப்பும் உண்டு, படித்தவர்கள் போதவில்லை.

ஒரு பிள்ளை இரண்டு வயதாகியும் பேசவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, கழுத்து நிற்கவில்லை என்றால், எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. இதைத்தான் ஆரம்பநிலை இடையீட்டுச் சிகிச்சை என்கிறோம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்தன. இவற்றில் சிறப்பாசிரியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று தனித்தனி இடங்கள் உண்டு. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்த அடிப்படையில் அறிவிப்பு வெளியிடும்.

படிப்பு விஷயத்தில் இங்கே குழப்பமே வேண்டாம். இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பா என்று மட்டும் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு சிறப்புக் கல்வி டிப்ளமோ, பட்டத்துக்குப் பின் சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்ததும் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது சட்டப்படி தவறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் இந்தப் படிப்புகள் உண்டு. வித்யாசாகர், மதுரம் நாராயணன் மையம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என இந்தத் துறையில் வேலை கற்றுக்கொடுத்த இடங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. டிப்ளமோவோடு நிறுத்திவிடாமல் ஒரு மையத்தில் இரண்டு வருடம் மூத்தவர் கண்ணுக்குக் கீழே வேலை பாருங்கள். பிள்ளையைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது.

படி 5: வழக்குப் பக்கம்

முதலில் நான்கு பெயர்களை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்காணலில் இதில் தடுமாறினால் அத்தோடு முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம், 2015. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012. குழந்தைகள் நலக்குழு: பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டிய இடம். இளைஞர் நீதிக் குழுமம்: சட்டத்தோடு முரண்பட்ட, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளையின் வழக்கை விசாரிக்கும் இடம். நலக்குழுவையும் நீதிக் குழுமத்தையும் மாற்றிச் சொல்பவர்கள் சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யு. முடித்தவர்களிலேயே உண்டு.

இந்த அமைப்புக்கு மாவட்டத்தில் கை கால் போல இருப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா பணத்தில் நடக்கிறது. பாதுகாப்பு அலுவலர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), சமூகப் பணியாளர், களத்துக்குப் போகும் புறத்தொடர்புப் பணியாளர் என்று பதவிகள். பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் ரூ.27,804, ஆற்றுப்படுத்துநருக்கும் சமூகப் பணியாளருக்கும் ரூ.18,536 என்று அறிவிப்புகளில் பார்த்திருப்பீர்கள். எல்லாமே ஒப்பந்தம். நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது. மாவட்ட இணையதளத்தில் 'ஆட்சேர்ப்பு' பக்கத்தில் அறிவிப்பு வரும், பல சமயம் விண்ணப்பிக்கப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். உங்கள் மாவட்டத்தை மட்டும் பார்க்காமல் அக்கம்பக்கத்து நான்கு மாவட்டங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கும் எண், பிள்ளைகளுக்கு மறக்காது. 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப் பணியாகத் தொடங்கிய இந்த உதவி எண் பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் கையில் இருந்தது. 2023-இல் அரசே ஏற்று நடத்தத் தொடங்கி, 112 அவசர எண்ணோடு இணைத்துவிட்டார்கள். இப்போது மாவட்ட உதவி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர், ஆற்றுப்படுத்துநர், மேற்பார்வையாளர்கள், வழக்குப் பணியாளர்கள் என்று ஆள் எடுக்கிறார்கள். சுழற்சி முறை வேலை, இரவுப் பணியும் உண்டு. ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் பையனிடம் இரவு இரண்டு மணிக்குப் போய் "சாப்டியாப்பா?" என்று ஆரம்பிக்கத் தெரிய வேண்டும். ஊர் எது, அப்பா பெயர் என்ன என்று ஆரம்பிப்பவருக்கு அந்தப் பையன் பொய்ப் பெயர்தான் சொல்லுவான்.

போக்சோ வழக்குகளில் துணை நபர் என்றொரு பணி இருக்கிறது. எல்லோரும் சப்போர்ட் பர்சன் என்றே சொல்கிறார்கள். 2020 விதிகளின்படி, குழந்தை, பெற்றோரின் சம்மதத்தோடு நலக்குழு இவரை நியமிக்கும். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லா இடத்துக்கும் அந்தப் பிள்ளையோடு கூடவே போகிறவர் இவர். முன்பெல்லாம் ஒரு சிறுமி தனக்கு நடந்ததை ஆறேழு பேரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏழாவது ஆளிடம் அவள் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். துணை நபர் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஏழாவது ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். சமூகப்பணி, உளவியல், குழந்தை வளர்ச்சி படித்தவர்கள் மாவட்டப் பாதுகாப்பு அலகில் பெயர் பதிந்துகொள்ளலாம். முழுநேர வருமானம் என்று நம்ப வேண்டாம், ஆனால் இரண்டு வழக்கை முதலிலிருந்து தீர்ப்பு வரை பார்த்துவிட்டால் வேறெந்தப் படிப்பும் தராத தெளிவு வரும்.

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர் வளர்த்துக்கொள்ள வேண்டிய முதல் திறமை தமிழில் எழுதுவது. ஆச்சரியமாக இருக்கலாம். பிள்ளை சொன்னதைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். 'பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் குழந்தை தெரிவித்தது' என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் வாக்கியம். எந்த ஐந்து வயதுப் பிள்ளையும் அப்படிப் பேசாது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். வட்டார வழக்கு, மழலை, உடலுறுப்புக்கு அந்த வீட்டில் சொல்லும் பெயர் எல்லாம் அப்படியே வர வேண்டும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தால் கூடுதல் வசதி, அதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வரிசை இதுதான்.

ஆண்கள் கவனிக்க: அங்கன்வாடி உங்களுக்கு இல்லை, நர்சரிகளும் தயங்கும். இந்தப் பக்கம் கதவு திறந்தே இருக்கிறது. ஆண் குழந்தைகள் இல்லங்களில் நல்ல ஆண் ஆற்றுப்படுத்துநர்களுக்கு ரொம்பப் பஞ்சம்.

படி 6: தொண்டு நிறுவனங்கள், உரிமைக் குரல்கள்

'என்.ஜி.ஓ. வேலை' என்று ஒன்று கிடையாது. நேரடியாகப் பிள்ளைகளோடு வேலை செய்யும் அமைப்பு ஒரு வகை. 1979-இல் தொடங்கிய கிரை போலப் பணம் திரட்டி மற்ற அமைப்புகளுக்குத் துணை நிற்பது இன்னொரு வகை. பாலியல் வன்முறைத் தடுப்பில் மட்டும் ஊன்றி நிற்கும் சென்னையின் துளிர் போல ஒரே பொருளில் ஆழமாகப் போவது வேறொரு வகை. சட்டமும் கொள்கையும் மாற வேண்டும் என்று தகவல் அறியும் மனு போட்டு, பொது விசாரணை நடத்தி, எம்.எல்.ஏ.க்களைப் பார்த்துப் பேசும் பிரச்சார இயக்கங்களும் உண்டு. பள்ளிப் பாடத்தில் மட்டும் வேலை செய்ய ஆசை என்றால் பிரதம் மாதிரி அமைப்புகள்.

உரிமைப் பணிக்கு உணர்ச்சியைவிடப் பொறுமை வேண்டும். ஓர் உதாரணம்: கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆறு வயது முதல் பதினான்கு வரைதான் கட்டாயம் என்கிறது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கல்வியை அரசமைப்பின் 45-ஆவது பிரிவு, அரசு 'முயல வேண்டும்' என்ற அளவோடு நிறுத்திவிட்டது. அந்த 'முயல' என்ற சொல்லை மாற்றத்தான் நாடு முழுக்கப் பல அமைப்புகள் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கின்றன. இந்த மாதிரி ஒரு சொல்லுக்காகப் பத்து வருடம் உழைக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் எம்.எஸ்.டபிள்யு.வோ சட்டமோ படியுங்கள். 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. படிக்கும்போது களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்களோ, பெரும்பாலும் முதல் வேலையும் அங்கிருந்துதான் வரும், எனவே அந்த இடத்தை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

நிறுவனத்தை எடைபோடுவது எப்படி? அவர்களுடைய முகநூல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் முகம் தெரிகிற படத்தைப் போட்டு நன்கொடை கேட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோவும் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றம் என்கின்றன. அதுகூடத் தெரியாதவர்களிடம் நீங்கள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? அப்புறம், நேர்காணலின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்குப் பணம் எந்த மாதம் வரை இருக்கிறது? பி.எஃப். பிடிப்பீர்களா? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, நான் படிக்கலாமா? நல்ல நிறுவனம் கடைசிக் கேள்விக்கு ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துப் போடவே சொல்லும்.

படி 7: விண்ணப்பம்

சீக்கிரமே முடித்துவிடுகிறேன். பயோடேட்டா இரண்டு பக்கம் போதும். 'கடின உழைப்பாளி' வகையறா வரிகளை எடுத்துவிட்டு, எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், எத்தனை மாதம் என்று எழுதுங்கள். நீங்களே செய்த நான்கு கற்றல் பொருள்களின் படம் வையுங்கள், பிள்ளைகளின் முகம் இல்லாமல். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு பழகும் ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்று போக்சோ விதிகள் சொல்வதால் எப்படியும் கேட்பார்கள்.

நேர்காணலில் நிச்சயம் ஒரு சூழல் கொடுப்பார்கள். 'வகுப்பில் ஒரு பிள்ளை உடம்பில் சூடு போட்ட தழும்பு. நீங்கள் என்ன செய்வீர்கள்?' பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டிப்பேன் என்பது தவறான பதில். துருவித் துருவிக் கேட்பதும் தவறு. பார்த்ததை, பிள்ளை சொன்னதைத் தேதியோடு குறித்துக்கொண்டு, பொறுப்பாளரிடம் சொல்லி, 1098-க்குத் தெரிவிப்பேன் என்று சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்ற சந்தேகம் இருந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் விருப்பம் இல்லை, கடமை. தெரிந்தும் மறைத்தால் போக்சோ 21-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. 'நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், கொஞ்சம் பொறுங்கள்' என்று நிர்வாகம் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும். அதற்கும் இதே பதில்தான்.

படி 8: முதல் ஐந்து வருடக் கணக்கு

முதல் இரண்டு வருடம் சம்பளத்தை நம்பி இ.எம்.ஐ. எதுவும் எடுக்காதீர்கள். வகுப்புப் பக்கம் என்றால் தொண்டையும் முதுகும் போகும். வழக்குப் பக்கம் என்றால் தூக்கம் போகும். மாதம் ஒருமுறையாவது வழக்குகளைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் போய்ச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மூன்றாவது வருடம் ஒரு படிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நர்சரியில் இருப்பவர் சிறப்புக் கல்வி, புறத்தொடர்புப் பணியாளர் எம்.எஸ்.டபிள்யு., சமூகப் பணியாளர் சட்டம். பக்கம் மாறுவதற்கும் இதுவே நேரம். 

இந்தப் படிக்கட்டின் மேல் பகுதியில் குழந்தைகள் நலக்குழு இருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், மூன்றாண்டுக் காலம், குற்றவியல் நடுவருக்குரிய அதிகாரம். நீதிக் குழுமத்தில் நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருவார்கள், அதில் ஒருவராவது பெண். 2021 திருத்தத்துக்குப் பிறகு, நலக்குழு உறுப்பினராக வர உளவியல், சட்டம், சமூகப்பணி, கல்வி, மனித மேம்பாடு, சிறப்புக் கல்வி போன்ற ஒன்றில் பட்டமும், குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணி ஏதாவது ஒன்றில் ஏழு வருட அனுபவமும் கேட்கிறார்கள். அந்தந்த மாவட்டத்தில் குழந்தைகள் இல்லத்தின் நிர்வாகத்தில் இருப்பவர் வர முடியாது.

அந்த ஏழு வருடத்தைக் காட்டத்தான் பலர் தவிக்கிறார்கள். நர்சரியில் மூன்று வருடம் வேலை பார்த்திருப்பார், ஒரு துண்டுக் காகிதம் இருக்காது, பள்ளியே மூடிப்போயிருக்கும். தொண்டு நிறுவனத்தில் திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைக் காலி செய்திருப்பார்கள். அதனால் எந்த இடத்தை விட்டு வந்தாலும், கோபித்துக்கொண்டு வந்தாலும்கூட, சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வயதுக் குழந்தைகளோடு என்ன வேலை என்பது தெளிவாக எழுதி, முத்திரை குத்திய அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே படி இறங்குங்கள். அப்படியே கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.